யன்னல் கழுவும் தொழில்: எந்தக் கம்பு, எந்தப் பிரஷ், எந்த ஜெட்?

வெம்பிளி_புதுவான்

எல்லோருக்கும் வணக்கம். யன்னல் கழுவுகிற ரவுண்ட் (முறை வைத்துத் திரும்பத் திரும்பப் போகிற வாடிக்கை வீடுகள்) ஒன்றை வாங்கிச் செய்யப் போகிறேன். லண்டனில் வெம்பிளி, ஹாரோ, பின்னர் (Pinner) பக்கம், அநேகமாக இரண்டு தட்டு செமி (ஒரு பக்கம் ஒட்டிய) வீடுகள், சிலவற்றில் கூரைக்குள் அறை எடுத்து டோர்மர் யன்னல் போட்டிருக்கிறார்கள், அப்புறம் ஒரு கடைத்தெருவில் சில கடைகள், மூன்று மாடி பிளாட் கட்டடம் ஒன்று. வான், டாங்க், பம்ப், தண்ணீர் வடிக்கிற செட் எல்லாம் ரவுண்டோடு வருகிறது. தரையில் நின்றபடி யன்னலுக்கு நீட்டி, உள்ளே ஓடுகிற குழாயால் தண்ணீரை நுனிக்குக் கொண்டுபோகிற கம்பும், அந்த நுனியில் மாட்டுகிற பிரஷும் மட்டும் நான் வாங்க வேண்டும். பழைய ஆள் தருகிற கம்பு கிளாஸ் ஃபைபர், 30 அடி, தூக்கிப் பார்த்தேன், சரியான பாரம்.

என் யோசனை இதுதான். 35 அடி முழுக் கார்பன் கம்பு ஒன்றை வாங்கிவிட்டால் வீட்டுக்கும் பிளாட்டுக்கும் அது ஒன்றே போதும். பிரஷ் பெரிதாக இருந்தால் வேலை கெதியாக முடியும், ஆகவே 18 அங்குலம் எடுக்கலாம் என்று பார்க்கிறேன். சரியா? பிரஷில் ஏன் இத்தனை வகை விற்கிறார்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

ஹாரோ_தண்ணிவான்

தம்பி, இன்னும் காசு கட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். எல்லாரும் கம்பின் நீளத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். கடைக்காரரும் அதைத்தான் முதலில் கேட்பார். நீங்கள் நுனியிலிருந்து தொடங்குங்கள். நுனியில் என்ன நிற்கப் போகிறது, அது ஈரத்தோடு எவ்வளவு பாரம், இதை முடிவு செய்துவிட்டு அதைத் தாங்கக்கூடிய, உங்கள் வழக்கமான வேலைக்கு மட்டும் போதுமான கம்பை எடுங்கள்.

ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன். 22 அடி நீட்டிய கம்பை 70 பாகை சரிவில் பிடித்தால் பிரஷ் கம்பின் அடியிலிருந்து கிடையாக 2.3 மீட்டர் தள்ளி நிற்கும். கீழே பூச்செடி, பின்பக்கம் கன்சர்வேட்டரி (கண்ணாடி அறை) என்று ஏதாவது இருந்து நீங்கள் பின்னால் தள்ளி நிற்க நேர்ந்தால் சரிவு 60 பாகைக்கு வரும், அப்போது ஏறக்குறைய 3.35 மீட்டர். அந்தத் தூரத்தில் பிரஷ் 200 கிராம் கூடுதலாக இருந்தால், கையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 670 கிராமைத் தொங்கவிட்டுப் பிடிக்கிற அதே சுமை. கம்பின் அடித்துண்டில் இருக்கும் 200 கிராம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நுனியில் இருக்கும் 200 கிராம் பின்னேரம் நாலு மணிக்குத் தோளில் தெரியும். கடைகள் கம்பின் மொத்தப் பாரத்தைப் பெரிதாகப் போட்டு விளம்பரம் செய்கின்றன, நுனியில் வருகிற கூஸ்நெக் (பிரஷைத் தாங்குகிற வளைந்த துண்டு), பிரஷ், ஜெட் (தண்ணீர் பீச்சுகிற முனை), அதற்குள் ஊறி நிற்கிற தண்ணீர் இதையெல்லாம் சேர்த்து யாரும் சொல்வதில்லை.

கம்புக்குள் ஓடுகிற குழாயையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். உள்விட்டம் 5 மில்லிமீட்டர் என்றால் 7 மீட்டர் குழாயில் நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய 140 கிராம். அதையே 8 மில்லிமீட்டருக்கு மாற்றினால் 350 கிராம். வீட்டு வேலைக்கு 5 தாராளம், ஏனென்றால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டரைச் சுற்றித்தான் உங்களுக்குத் தேவை.

நீளத்துக்கு வருகிறேன். இரண்டு தட்டு செமிக்கு 20 முதல் 22 அடி போதும். உங்கள் வேலையில் பெரும்பகுதி அதுதான். 35 அடிக் கம்பை மடக்கி வைத்துக்கொண்டு கீழ்த்தட்டு யன்னலைக் கழுவும்போதும் அந்த 35 அடியின் துண்டுகள் எல்லாம் உங்கள் கைக்குள்தான் இருக்கின்றன, அடித்துண்டும் மொத்தமாக இருக்கும், கை சுற்றிப் பிடிக்காது. பகல் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு திரிவதில் என்ன பிரயோசனம்? அடியில் மேலதிகத் துண்டு செருகி நீட்டக்கூடிய 22 அடிக் கம்புகள் வருகின்றன. பிளாட் கட்டடத்துக்குப் போகிற அன்று மட்டும் துண்டைச் செருகுங்கள்.

கிளாஸ் ஃபைபரை அடியோடு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கீழ்த்தட்டுக்கும் கடைகளுக்கும் குட்டையான ஒன்று நல்லது, விழுந்தாலும் தாங்கும், மலிவு. 20 அடிக்கு மேல் போனால்தான் அது தூண்டில் மாதிரி வளையத் தொடங்கும். நீங்கள் கீழே தள்ளுகிற தள்ளில் பாதிதான் மேலே பிரஷுக்குப் போகும், மீதியெல்லாம் வளைவில் போய்விடும். கார்பனுக்குக் காசு கொடுப்பது பாரம் குறைவதற்காக என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு அந்த விறைப்புத்தான் முக்கியம்.

குரொய்டன்அக்கா

ஹாரோ அண்ணா சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். நான் தனியாக வேலை செய்கிறவள், உயரமும் குறைவு, ஆகவே பாரத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

18 அங்குலப் பிரஷ் வீடுகளுக்கு வேண்டாம் தம்பி. அகலப் பிரஷ் பெரிய ஒற்றைக் கண்ணாடிக்கு, ஷோரூம், பள்ளிக்கூடம், ஆபீஸ் மாதிரி இடங்களுக்கு. இங்கே வீட்டு யன்னல்களில் மேலே சின்னதாகத் திறக்கிற ஒரு கதவு இருக்கும், பக்கத்தில் ஒடுக்கமான கண்ணாடி இருக்கும், சில வீடுகளில் கண்ணாடியின் மேல் சட்டம் வைத்துப் பிரித்த சின்னச் சின்னக் கட்டங்கள். 18 அங்குலம் அதற்குள் நுழையாது. ஒரு பக்கம் சட்டத்தில் ஏறி நிற்கும், மற்றப் பக்கம் கண்ணாடியைத் தொடாது. 10 அல்லது 12 அங்குலம் எடுங்கள். அகலம் குறைந்தால் ஒரு யன்னலுக்கு இரண்டு இழுப்புக் கூடுதலாக வரும், ஆனால் ஒவ்வொரு இழுப்பும் லேசு, மூலையும் சுத்தமாக வரும்.

கூஸ்நெக்கைப் பற்றி யாரும் கதைப்பதில்லை, எனக்கு அது பிரஷ் அளவுக்கு முக்கியம். கம்பின் நுனிக்கும் பிரஷுக்கும் நடுவில் வளைந்து வருகிற துண்டு அது. அது குட்டையாக இருந்தால் பாரம் குறைவு, பிரஷ் நீங்கள் சொன்னபடி கேட்கும், தட்டையான சுவரில் இருக்கிற யன்னலுக்கு அதுவே நல்லது. ஆனால் யன்னல் சுவருக்குள் ஆழமாக இருந்தால், கீழ் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கம்பு அந்த விளிம்பில் இடித்துக்கொண்டு பிரஷ் கண்ணாடியின் அடிப்பகுதியைத் தொடாது. அங்கே நீளமான கூஸ்நெக் வேண்டும். போர்ச்சின் கூரைக்கு மேலே இருக்கிற யன்னலுக்கும் அப்படியே. டோர்மருக்கு நீளமான கூஸ்நெக்கோடு கோணத்தையும் கூட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் கூரை ஓட்டில் கம்பு உரசும்.

ஆகவே இரண்டு வைத்திருங்கள். இரண்டிலும் பிரஷைப் போட்டு ஆயத்தமாக வையுங்கள், தெருவில் நின்று ஈரக்கையோடு குழாயைக் கழற்றி மாட்டுவது குளிரில் பெரிய மினக்கேடு.

கோணம் வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். யன்னலின் மேல் பாதியில் பிரஷ் முடி முழுக்கக் கண்ணாடியில் படியும்படி வைத்தால் கீழ்ப் பாதிக்கு வரும்போது கம்பின் சரிவு மாறிப் பிரஷின் ஒரு விளிம்பு மட்டும்தான் படும். நான் கண்ணாடியின் நடுவில் முழுக்கப் படிகிற மாதிரி வைத்துக்கொண்டு மேலே போகும்போது ஓர் அடி முன்னால் வருவேன், கீழே வரும்போது பின்னால் போவேன். தோளால் வேலை செய்யாமல் காலால் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெம்பிளி_புதுவான்

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. 35 அடியை விட்டுவிட்டேன். இப்போது பிரஷ் முடி. கடையில் நைலோனில் நுனி பிளந்த முடி, ஒற்றை இழை, இரண்டும் கலந்தது, அதோடு பன்றி முடி என்று நாலு வகை போட்டிருக்கிறார்கள். பன்றி முடி மற்றவற்றைவிட விலை நல்லாக் கூட. விலைக்கு ஏற்றபடி வேலையும் செய்யுமா?

இல்ஃபோர்ட்_பிரஷ்

செய்யும். நான் பன்றி முடிக்காரன், ஒளிக்காமல் சொல்கிறேன். ஒட்டிப்போன அழுக்கு, மெயின் றோட்டுக் கரி, கோழிப் பொரியல் கடை மேல் வீட்டு எண்ணெய்ப் படலம், பறவை எச்சம், இதையெல்லாம் நைலோன் பத்துத்தரம் தேய்த்து எடுப்பதைப் பன்றி முடி இரண்டு மூன்று தேய்ப்பில் எடுத்துவிடும். அந்த முடியில் இயற்கையாகவே செதில் மாதிரி ஒரு சொரசொரப்பு இருக்கிறது, அழுக்கைப் பிடித்து இழுக்கும், கண்ணாடியைக் கீறாது. முதல்தரம் கழுவுகிற வீட்டுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

ஹாரோ அண்ணா பாரத்தைப் பற்றிச் சொல்வார், சொல்ல முதலே நான் சொல்லிவிடுகிறேன்: தண்ணீரை உறிஞ்சும், பாரம் கூடும், கெதியாகத் தேயும். வேலை முடிந்ததும் வானுக்குள் ஈரத்தோடு மூடி வைத்தால் மணக்கத் தொடங்கிவிடும், தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். ஆனாலும் 20 அடிக்குள் நான் அதைத்தான் எடுப்பேன். நைலோனும் பன்றி முடியும் கலந்த பிரஷ் வருகிறது, பாரமும் நடுத்தரம், விலையும் நடுத்தரம்.

ஹாரோ_தண்ணிவான்

முதல் கழுவலுக்கு இல்ஃபோர்ட் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ரவுண்ட் என்பது நாலு கிழமைக்கோ எட்டுக் கிழமைக்கோ ஒருதரம் அதே யன்னலுக்குத் திரும்பப் போவது. அந்தக் கண்ணாடியில் தூசியும் மழைக்கறையும் சிலந்தி வலையும்தான் இருக்கும், அதற்குத் தேய்ப்பு பெரிதாகத் தேவையில்லை, அலசல்தான் தேவை. அங்கேதான் முடி வகை முக்கியமாகிறது.

நுனி பிளந்த முடி மெதுவானது, கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும், ஈயப்பட்டி வைத்த பழைய யன்னலுக்கு அதுதான் பத்திரம். ஆனால் அந்தப் பிளவுகளுக்குள் தண்ணீரும் அழுக்கும் தங்கும். ஒரு யன்னலின் அழுக்கை அடுத்த யன்னலுக்குக் கொண்டுபோகும், அதனால் இடையிடையே பிரஷை அலச வேண்டும். ஒற்றை இழை அப்படியில்லை, கொஞ்சம் விறைப்பு, நல்லாத் தேய்க்கும், தண்ணீர் பட்டதும் அழுக்கை விட்டுவிடும், தூக்கினால் தண்ணீர் வடிந்துவிடும், அதனால் நுனியும் லேசு. உங்கள் ரவுண்டுக்கு நான் சொல்வது கலப்புத்தான்: வெளி வரிசையில் நீளமான மெதுவான முடி, உள்ளே குட்டையான விறைத்த முடி. சும்மா ஓட்டினால் வெளி முடி மட்டும் வேலை செய்யும், மூலையில் அழுத்தினால் உள் முடி பிடிக்கும். ஒரு பிரஷில் இரண்டு வேலை.

எச்சம் காய்ந்து கிடந்தால் பன்றி முடிக்குப் போக வேண்டும் என்றில்லை, பிரஷின் பக்கத்தில் ஒட்டக்கூடிய தேய்ப்புப் பட்டை ஒன்று விற்கிறார்கள், முதலில் தண்ணீரை விட்டு ஊறவைத்துவிட்டு அதைத் திருப்பித் தேய்த்தால் வரும். இதில் ஒரு எச்சரிக்கை. தானாகச் சுத்தமாகும் கண்ணாடி என்று ஒன்று இருக்கிறது, பில்கிங்டன் 2001இல் ஆக்டிவ் என்ற பெயரில் கொண்டுவந்தது, வெளிமுகத்தில் டைட்டானியம் டயொக்சைட் பூச்சு. கன்சர்வேட்டரிக் கூரைகளில் இந்த மாதிரிக் கண்ணாடி கன இடத்தில் இருக்கிறது. அதில் தேய்ப்புப் பட்டையோ கம்பி நாரோ படவே கூடாது, பூச்சுப் போய்விடும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

இனி ஜெட். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கறை விழுகிறது என்று இங்கே வந்து முறையிடுகிறவர்களில் பாதிப்பேருக்குப் பிரச்சினை பிரஷில் இல்லை, ஜெட்டில்.

கண்ணாடியில் தண்ணீரை விட்டுப் பாருங்கள். ஒரே படலமாக விரிந்து இறங்கினால் அந்தக் கண்ணாடிக்கு இரண்டு பென்சில் ஜெட் (மெல்லிய ஒற்றைத் தாரை) போதும், மேலே ஒரு கோடு விட்டால் தண்ணீர் தானே பரவிக் கீழே போகும். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு அங்கங்கே நின்றால் பென்சில் ஜெட் அதில் இரண்டு வாய்க்கால் மட்டும்தான் வெட்டும், நடுவில் நிற்கிற முத்துகளில் அழுக்கு அப்படியே இருந்து காயும், வெயில் படும்போது புள்ளியாகத் தெரியும். அதற்கு விசிறி ஜெட் வேண்டும், பிரஷின் முழு அகலத்துக்கும் திரையாகத் தண்ணீர் விழும். ஒரு தெருவிலேயே இரண்டு வகைக் கண்ணாடியும் இருக்கும். பிரஷ் கட்டையில் நாலு ஜெட் துளை இருக்கிறதாகப் பார்த்து வாங்கி, இரண்டில் பென்சில், இரண்டில் விசிறி போட்டு, தேவையில்லாததை மூடி வைக்கலாம்.

பிரஷைக் கண்ணாடியை விட்டு எடுத்து அலசுகிறவர்களுக்கும், பிரஷ் கண்ணாடியில் இருக்கும்போதே மேலால் அலசுகிறவர்களுக்கும் ஜெட் வைக்கிற இடம் வேறு. எடுத்து அலசினால் தண்ணீர் சுத்தமாகப் போகும், ஆனால் ஒவ்வொரு யன்னலுக்கும் முழுக்கம்பையும் பின்னால் சாய்த்துப் பிடிக்க வேண்டும், திரும்பவும் அந்த நுனிப்பாரக் கதைதான். நான் விசிறியைப் பிரஷின் மேல் விளிம்பில் வைத்து, கண்ணாடியில் படுத்தபடியே மெதுவாகக் கீழே இறக்குகிறேன். காற்று அடிக்கிற நாளில் அதுவே நல்லது, எடுத்து அலசினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

ஈஸ்ட்ஹாம்_கடைக்கண்ணாடி

கடைகளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. தம்பி, கடைத்தெருவுக்கு அந்தக் கம்பைக் கொண்டு போகவேண்டாம். ஹை ஸ்ட்ரீட் நடைபாதையில் ஆட்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள், குழாயை இழுத்துப் போட்டால் தடுக்கி விழுவார்கள், மேலேயிருந்து தண்ணீர் ஆட்களின் தலையில் சொட்டும், கடைக்காரருக்கும் கண்ணாடி உடனே காய்ந்து இருக்க வேண்டும், உள்ளே நின்று பார்ப்பவர். அங்கே வாளி, கண்ணாடியை நனைக்கிற பஞ்சுறை போட்ட ரீ-பார், தண்ணீரை வழித்தெடுக்கிற ரப்பர் வைத்த ஸ்குவீஜி, இவைதான். எற்றோர் ஸ்டெக்கோனே இந்த ஒற்றை ரப்பர் ஸ்குவீஜிக்குக் காப்புரிமை வாங்கியது 1936இல். இன்றைக்கும் கடைக்கண்ணாடிக்கு அதை மிஞ்சி ஒன்று வரவில்லை என்பது என் எண்ணம்.

14 அங்குலமும் 18 அங்குலமும் வையுங்கள். பிடி எந்தக் கம்பனியாக இருந்தாலும் பரவாயில்லை, உயிர் ரப்பரில்தான். விளிம்பு கூராக, சதுரமாக இருக்க வேண்டும், நகத்தால் தடவிப் பாருங்கள், உருண்டிருந்தால் கழற்றித் திருப்பிப் போடுங்கள், இரண்டு பக்கமும் போய்விட்டால் எறியுங்கள். கோடு விழுகிறது என்று சவர்க்காரத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள், ரப்பரை மாற்ற மாட்டார்கள்.

கடையின் மேல் பாதிக்கு, பெயர்ப்பலகைக்குக் கீழே இருக்கிற கண்ணாடிக்கு, ஏணி தேவையில்லை. இரண்டு துண்டு அலுமினியக் கம்பு, நாலைந்து அடி மடங்கக்கூடியது, போதும். கையில் பிடிக்கும் ஸ்குவீஜியைக் கம்பின் நுனிக்கூம்பில் அப்படியே செருகலாம். கூம்பு பூட்டுகிற வகையாக இருக்கட்டும். சும்மா இறுக்கிச் செருகுகிற கூம்பு ஈரத்தில் சுழலும், சில நேரம் கழன்று விழும், ஆட்கள் நடக்கிற இடத்தில் அது விழக்கூடாது. கம்பில் போட்டு இழுக்கும்போது நேரே மேலிருந்து கீழே, ஒவ்வொரு இழுப்பும் முந்தின இழுப்பின் மேல் இரண்டு அங்குலம் ஏறிப் போக வேண்டும். ரப்பரைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தால் தண்ணீர் ஈரமான பக்கத்துக்கே ஓடும், துடைத்த பக்கத்துக்கு வராது.

சோழிங்கநல்லூர்_கட்டடம்

வணக்கம். நான் சென்னையில் ஒரு ஐ.டி. கட்டடத்தில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். லாபியில் இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி. மேல் மாடிகளுக்குக் கயிற்றில் இறங்கிச் செய்கிற ஆட்கள் வருகிறார்கள், அதில் பிரச்சினை இல்லை. லாபிக்கும் போர்ட்டிகோ மேல் இருக்கிற கண்ணாடிக்கும் நீங்கள் சொல்கிற இந்தத் தண்ணீர்க் கம்பை எங்கள் ஆட்களுக்கே வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். இப்போது ஸ்கஃபோல்டிங் போட்டுச் செய்கிறார்கள், அரை நாள் வாசலை மூட வேண்டியிருக்கிறது. எங்களுக்கு போர் தண்ணீர்தான், டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவு) 1000க்கு மேல். பேன்ட்ரியில் ஆர்.ஓ. இருக்கிறது, அதிலிருந்து எடுத்தால் போதுமா? தூசி இங்கே ரொம்ப அதிகம், எந்த பிரஷ் சரி?

ஹாரோ_தண்ணிவான்

சார், கம்பு உங்கள் வேலைக்குப் பொருத்தம்தான், ஆனால் தண்ணீரை முதலில் சரி செய்யாமல் கம்புக்குக் காசு செலவழிக்காதீர்கள். இந்த முறையில் நாங்கள் கண்ணாடியைத் துடைப்பதே இல்லை, ஈரத்தோடு விட்டுவிட்டு வருகிறோம். தண்ணீரில் உப்பு இல்லாததால்தான் காய்ந்தால் கறை இல்லை. லண்டன் குழாய்த் தண்ணீரே 300ஐ ஒட்டி வரும், அதை ஆர்.ஓ.வில் விட்டு, மிச்சத்தை உப்பைப் பிடித்துக்கொள்கிற ரெசினில் விட்டு 0க்குக் கொண்டுவருகிறோம். 10ஐத் தாண்டினால் நான் அந்தத் தண்ணீரோடு வேலைக்குப் போக மாட்டேன். கிளாஸ்கோ பக்கம் குழாய்த் தண்ணீர் மிக மென்மை, அங்கே ரெசின் மட்டும் வைத்துச் செய்கிறார்கள். உங்கள் 1000க்கு ரெசின் மட்டும் வைத்தால் ரெசின் வாங்கியே முடியாது.

பேன்ட்ரி ஆர்.ஓ. உதவாது. அது குடிக்கிற தண்ணீருக்கானது, ருசிக்காகக் கொஞ்சம் உப்பைத் திரும்பச் சேர்க்கிற அமைப்பு அதில் இருக்கும், வெளியே வருவது 50, 100 என்று நிற்கும். குடிக்க நல்லது, கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விழும். அதோடு வீட்டு அளவு ஆர்.ஓ. மணிக்குப் பத்துப் பதினைந்து லிட்டர்தான் தரும், கம்பு அதைப் பத்து நிமிடத்தில் குடித்துவிடும். பெரிய ஆர்.ஓ., அதற்குப் பின்னால் ரெசின் சிலிண்டர், ஒரு டாங்கில் இரவில் சேர்த்து வைப்பது, இதுதான் வழி. கையில் பிடிக்கிற டி.டி.எஸ். மீட்டரை வைத்துக் கம்பின் நுனியில் வருகிற தண்ணீரை அளக்கச் சொல்லுங்கள், டாங்கில் இருக்கிறதை மட்டும் அளந்தால் போதாது.

தூசிக்கு ஒற்றை இழை நைலோன். பிளந்த முடி வேண்டாம், உங்கள் தூசி அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரஷ் வைப்பதற்கு முன் மேலிருந்து தண்ணீரை மட்டும் விட்டு மணலை இறக்கிவிடுங்கள், கட்டட வேலை நடக்கிற இடமாக இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள், சிமெந்துத் தூளோடு தேய்த்தால் கண்ணாடி கீறும், கீறினால் திரும்பி வராது. வெயிலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சவர்க்காரத் தண்ணீர்தான் வெயிலில் காய்ந்து கோடு போடும். உப்பில்லாத தண்ணீர் சூட்டில் காய்ந்தால் காயட்டும், விட்டுப்போக ஒன்றும் இல்லை.

உட்பக்கம் இதே கம்பு வேண்டாம், தரையெல்லாம் தண்ணீர். உள்ளுக்குத் தட்டையான மைக்ரோஃபைபர் பட்டை போட்ட தனிக் கம்பு வாங்குங்கள்.

வெம்பிளி_புதுவான்

இப்போது என் பட்டியல்: அடியில் துண்டு செருகக்கூடிய 22 அடிக் கார்பன், 12 அங்குலக் கலப்பு பிரஷ், குட்டை கூஸ்நெக் ஒன்று நீளம் ஒன்று, விசிறியும் பென்சிலும். முதல்தரம் கழுவுகிற வீடுகளுக்குப் பன்றி முடிக் கலப்பு ஒன்றைப் பிறகு வாங்கலாம். கடைக்கு ஸ்குவீஜி செட். பழைய ஆளின் 30 அடியைப் பிளாட் கட்டடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா? அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் கரண்ட் வயர் ஒன்று குறுக்கே போகிறது, கிளாஸ் ஃபைபர் கரண்ட் கடத்தாது என்று அவர் சொன்னார்.

குரொய்டன்அக்கா

தம்பி, அந்த எண்ணத்தை இப்போதே விடுங்கள். கார்பன் மின்சாரத்தை நல்லாகக் கடத்தும், அது உண்மை. காய்ந்த, சுத்தமான கிளாஸ் ஃபைபர் அவ்வளவு கடத்தாது, அதுவும் உண்மை. ஆனால் உங்கள் கம்பு காய்ந்தும் இருக்காது, சுத்தமாகவும் இருக்காது. வெளியே முழுக்க ஈரம், உள்ளே தண்ணீர் நிறைந்த குழாய், மேலிருந்து வடிகிற தண்ணீரில் யன்னலின் அழுக்கு எல்லாம் கரைந்திருக்கிறது. உப்பில்லாத தண்ணீர் கடத்தாது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், கண்ணாடியைத் தொட்ட பிறகு அது உப்பில்லாத தண்ணீர் இல்லை. உயர் அழுத்தக் கம்பி என்றால் தொடவே தேவையில்லை, கிட்டப் போனாலே பாயும்.

மேலே போகிற மின்கம்பியிலிருந்து 10 மீட்டருக்குள் கம்பு போகிற வேலை என்றால் முதலில் அந்த வட்டாரத்து மின்விநியோகக் கம்பனிக்குப் போன் அடித்து அது என்ன கம்பி என்று கேளுங்கள். ஒரு வீட்டுக்குப் போகிற இணைப்பா, 11,000 வோல்ட் கம்பியா என்று கீழே நின்று பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அவர்கள் சரி சொல்லும் வரை அந்தப் பக்க யன்னலை விலையிலிருந்து கழித்துவிடுங்கள், வாடிக்கையாளருக்கு விளங்கப்படுத்தலாம். 2005ஆம் ஆண்டின் உயர வேலை விதிகள் வந்த பிறகு எல்லாரும் ஏணியை விட்டுக் கம்புக்கு மாறினோம், கீழே நிற்பதால் ஆபத்தே இல்லை என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. வயர் விஷயத்தில் அது ஆகவும் பிழையான நினைப்பு.

வயர் இல்லாத முன்பக்கத்துக்குப் பழைய 30 அடியை வைத்துக்கொள்ளுங்கள், அதில் குறை இல்லை. கிளாம்புகளைக் கழற்றிக் கழுவுங்கள், மணல் ஏறியிருந்தால் துண்டுகள் சறுக்கி உங்கள் விரலில் இறங்கும்.

இல்ஃபோர்ட்_பிரஷ்

வாங்க முதல் கடைசியாக ஒன்று, மறை, அதாவது திருகிப் பூட்டுகிற புரி. இங்கே கம்பின் நுனியும் பிரஷும் யூரோ மறையில் வரும், அமெரிக்காவிலிருந்து வருகிற சாமானில் ஆக்மி மறை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒன்றில் ஒன்று சரியாக ஏறாது. பலவந்தமாக ஏற்றினால் பிளாஸ்டிக் மறை உரிந்துவிடும், பிறகு பிரஷ் மேலே நிற்கும்போது மெல்ல மெல்லச் சுழலும். மாற்றித் துண்டு விற்கிறார்கள், ஆனால் அதுவும் நுனியில் ஒரு பாரம். ஒரு ஒன்லைன் கடையிலிருந்து எனக்கு வந்த பிரஷில் மறை வகையே எழுதியிருக்கவில்லை, திருப்பி அனுப்பக் கிழமைக்கணக்காக அலைந்தேன். ஆகவே கூஸ்நெக்கும் பிரஷும் ஒரே இடத்தில், ஒரே மறையில் எடுங்கள். ஏலுமென்றால் கடைக்கே போய், கம்பை 22 அடிக்கு நீட்டி, பிரஷை மாட்டி, அதைத் தண்ணீரில் நனைத்துவிட்டுத் தூக்கிப் பாருங்கள். காய்ந்த பிரஷோடு கடைக்குள் தூக்கினால் எல்லாக் கம்பும் லேசாகத்தான் இருக்கும்.

வெம்பிளி_புதுவான்

சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். மின்கம்பனிக்கு நாளைக்கே அடிக்கிறேன், பின்பக்கத்தைக் கழித்துவிட்டு பிளாட் கட்டடத்துக்குப் புது விலை எழுதப் போகிறேன். நீளமான கூஸ்நெக் ரெசினில் (வார்த்த பிளாஸ்டிக்) ஒன்று, கார்பனில் ஒன்று என்று இரண்டு இருக்கிறது, கார்பன் இரட்டிப்பு விலை. எதை எடுப்பது?

குரொய்டன்அக்கா

நீளமானதைக் கார்பனில் எடுங்கள், குட்டையானது ரெசினிலேயே இருக்கட்டும். காசைச் செலவழிக்கிற இடம் நுனிதான்.